ரீகாவில் இருப்பவன்

முதலில் சன்னலுக்குக் கறுப்புத் துணி. பிறகு மின்விசிறியை நிறுத்த வேண்டும். ஸ்வெட்டர் கடைசி. முன்னாலேயே போட்டுக்கொண்டால் நெற்றியில் வியர்வை தெரியும்.

பின்னால் தெரியும் சுவருக்கு அப்பா புதிதாக வெள்ளை அடித்திருந்தார். அதில் ஆணி இல்லை, காலண்டர் இல்லை. பல்லி வந்தால் தங்கை ஷீபா தென்னந்துடைப்பத்தால் விரட்டிவிடுவாள்.

பிராங்க்ளின் கட்டிலில் உட்கார்ந்து போனைக் கையில் எடுத்துக்கொண்டான். மணமேல்குடியிலிருந்து ஷீபாவுக்கு மாமியாராக வரப்போகிறவர் வீடியோவில் கூப்பிட்டார்.

"சாப்டீங்களா தம்பி?"

"சாப்டேன் அத்தை."

"என்ன சாப்பாடு அங்கிட்டு?"

"ரொட்டிதான். கறுப்பு ரொட்டி."

"பாவம். மூஞ்சியே வெளுத்துப் போச்சு. ரொம்பக் குளிரா?"

"குளிருதான் அத்தை."

"வெளுத்தது நல்லாத்தான் இருக்கு. எம் மகன் ஜெபாவுக்கும் அங்கிட்டு ஒரு வேலையப் பாத்து வைங்க. ஐஸ் கம்பெனியில இருக்கிறவன். குளிரு அவனுக்கு ஒண்ணும் பண்ணாது."

தன் பேச்சுக்கு அவரே சிரித்தார். அவனும் சிரித்தான். வைத்ததும் ஸ்வெட்டரைக் கழற்றினான். பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது.

வெளியே பூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஷீபா தட்டோடு வந்தாள்.

"ஃபாரின், சோறு."

"என்ன கொழம்பு?"

"கறுப்பு ரொட்டிக் கொழம்பு. கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

தட்டை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். மறுபடியும் பூட்டு.

வீடு ஆலங்குடிக்கு மேற்கே, ஊரை விட்டுத் தள்ளி, முந்திரிக்கொல்லையின் நடுவில் இருந்தது. மாடி அறை அவன் வெளிநாடு போன வருடம் கட்டியது. படித்துவிட்டு வந்தால் அவனுக்கென்று ஒரு அறை வேண்டும் என்று அப்பா இன்னாசி கட்டினார். வந்துவிட்டான். அறையும் அவனுக்கென்றே இருந்தது.

லாட்வியா நாட்டில் ரீகா என்ற நகரம். அவன் அங்கே போனபோது ஊர் முனையில் பஸ் நிறுத்தத்தில் பிளக்ஸ் வைத்தார்கள். கோட் போட்ட படம். கோட் படத்தில் மட்டும்தான் இருந்தது; ஸ்டுடியோக்காரர் ஒட்டியது. ஐரோப்பா செல்லும் எங்கள் குலவிளக்கு என்று எழுதியிருந்தது. பங்குச் சாமியார் பூசையில் அவன் பெயரைச் சொல்லி வேண்டினார்.

அங்கே அவனுக்கு யாரும் எதுவும் செய்யவில்லை. அதைத்தான் அப்பாவுக்குப் புரியவைக்க முடியவில்லை.

திரும்பி வந்த அன்று அப்பா கேட்டார்: "அடிச்சாங்களா?"

"இல்லப்பா."

"ஏமாத்திட்டாங்களா? ஏஜெண்ட்டா? காலேஜா? யாருன்னு சொல்லு."

"யாரும் இல்லப்பா."

"பின்ன என்னடா?"

கல்லூரி ஒழுங்காகத்தான் இருந்தது. அறையில் இருந்த பையன்கள் நல்லவர்கள். கடைக்காரப் பெண்கள் சில்லறையைக் கையில் தராமல் சிறு தட்டில் வைத்தார்கள். எல்லாருக்கும் அப்படித்தான் வைத்தார்கள். டிராமில் யாரும் அவனைப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாலும் பார்க்கவில்லை. முதல் மாதம் அது நன்றாக இருந்தது. பிறகு அவன் ஒரு நாள் முழுக்க யாருடனும் பேசாமல் இருந்தான். அப்புறம் அப்படியே பல நாள். பனி விழ ஆரம்பித்த பிறகு ஒரு காலையில் நிறுத்தத்தில் நின்றான். டிராம் வந்தது. கதவு திறந்தது. ஏறவில்லை. அடுத்தது வந்தது. அதிலும் ஏறவில்லை. அறைக்குத் திரும்பிப் போர்த்திக்கொண்டு படுத்தான்.

வீட்டிலிருந்து போன் வந்தபோது கிளாஸில் இருந்து இப்போதுதான் வந்தேன் என்றான். அதன் பிறகு தினமும் அதையே சொன்னான். கல்லூரி எச்சரித்தது. பிறகு நீக்கியது. தங்கும் அனுமதியும் போயிற்று. பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் ஊர் வந்து சேர்ந்தான். திருச்சியிலிருந்து அப்பா வாடகைக் காரில் கூட்டி வந்தார். முகம் தெரியாமலிருக்கப் பைக்கும் ஹெல்மெட்டும்தான் முதலில் யோசித்தார். அந்த ஊரில் ஹெல்மெட் போட்டவனைத்தான் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று விட்டுவிட்டார்.

"ரெண்டு நாள் போகட்டும். என்ன சொல்றதுன்னு யோசிப்போம்" என்றாள் அம்மா அழகி.

யோசித்து முடிப்பதற்குள் ஷீபாவுக்கு மணமேல்குடி வரன் வந்தது. பெண்ணின் அண்ணன் ஐரோப்பாவில் இருக்கிறான் என்பதற்காக வந்த வரன். அம்மா படியேறி வந்து கட்டிலில் அவன் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"தங்கச்சி கல்யாணம் முடியிற வரைக்கும் நீ அங்கயே இரு சாமி. முடிஞ்ச மறுநாள் லீவுல வந்த மாதிரி எறங்கி வந்துரு."

அவன் தலையாட்டினான். அன்றிலிருந்து அந்த மறுநாள்தான் அவனுக்குக் கணக்கு.

அப்பா அவனிடம் நேரில் பேசுவதில்லை. மாடிக்கும் வருவதில்லை. டீக்கடையிலிருந்து போனில் பேசுவார், ஸ்பீக்கர் போட்டு.

"தம்பி, நல்லா இருக்கியாய்யா? ஒடம்பப் பாத்துக்க. காசப் பாக்காத, கறி வாங்கிச் சாப்பிடு. ஒன்ன நெனச்சாத்தான் எங்களுக்குத் தெம்பு."

"சரிப்பா."

"இந்தா, நாகராசு மாமா பேசணுங்குறாரு."

நாகராசு மாமா பேசுவார். அங்கே மழையா என்று கேட்பார். பனி என்பான். பனின்னா மார்கழிப் பனியா என்பார். சற்று நேரத்தில் அப்பாவின் பைக் கொல்லைக்குள் வரும். மாடிப்படியைத் தாண்டி, மேலே பார்க்காமல் மோட்டார் கொட்டகைக்குப் போவார்.

டிசம்பர் தொடக்கத்தில் அருணா சித்தி வீடியோவில் கூப்பிட்டாள். சித்தி அம்மாவின் தங்கை. ஆலங்குடியில் தையல் கடை வைத்திருந்தாள். சித்தப்பா இறந்துவிட்டார். ஒரே மகள் சுடர்விழி. இருவரும் ஒரே திரையில் தலையை ஒட்டவைத்துக்கொண்டு தெரிந்தார்கள்.

"பிராங்க்ளினு, சுடருக்குக் கெடைச்சிருச்சுடா. ஒன் காலேஜுதான். பிப்ரவரியில கெளம்பணுமாம்."

அவன் ஸ்வெட்டரின் கழுத்தைத் தளர்த்தினான்.

"என்னடா, சந்தோசமில்லையா?"

"சந்தோசந்தான் சித்தி. எதுக்கு அவ்வளவு தூரம்? திருச்சியிலேயே..."

"நானும் அதத்தான் சொன்னேன். வயசுப் புள்ளய எங்கிட்டோ அனுப்பிட்டு நான் எப்படித் தூங்குறது? அப்பறம் யோசிச்சேன். அண்ணன் இருக்கிற ஊரு. அண்ணனே இருக்கையில என்ன பயம்? எங்க முந்திரிக்கொல்லைய வெலைக்குக் கேக்குறாங்க. குடுத்துரலாம்னு இருக்கேன்."

"கொல்லையவா?"

"வேற என்ன இருக்கு எங்கிட்ட? தையல் மிஷினையா விக்கிறது?"

அப்போது கொல்லைக்கு வெளியே தார்ச்சாலையில் மீன் வண்டி வந்தது. எப்போதும் காலையில் வருவது. அன்று மாலையில் வந்தது. வண்டியில் கட்டியிருந்த குழாயில் பதிவு செய்த குரல் கத்தியது. கோட்டைப்பட்டினம் மீனு, காலையில புடிச்ச மீனு, சங்கரா, நெத்திலி, நண்டு.

அவன் ஒலியை நிறுத்தினான். நிறுத்துவதற்குள் நெத்திலி வரை போய்விட்டது. வண்டி தள்ளிப் போனதும் மறுபடி திறந்தான்.

"என்னடா சத்தம் அது?"

"பக்கத்து ரூம்ல தமிழ்ப் பசங்க சித்தி. வீடியோ பாக்குறானுங்க."

"அங்க போயும் மீன் வீடியோதானா!" சித்தி சிரித்தாள். சுடர்விழி சிரிக்கவில்லை. திரைக்குப் பக்கமாக முகத்தைக் கொண்டுவந்து அவனைப் பார்த்தாள். பிறகு அவன் தலைக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள்.

"குளிருதாண்ணே?" என்றாள்.

"ம்."

"நெத்தியெல்லாம் வேர்க்குது."

"ஹீட்டர்."

அவள் தலையசைத்தாள்.

அம்மா சோறு கொண்டு வந்தபோது சொன்னான். "சுடருகிட்ட மட்டும் சொல்லிருறேன்மா."

"என்னன்னு?"

"நான் அங்க இல்லன்னு. என்னைய நம்பித்தான் சித்தி அனுப்புது. கொல்லைய வேற விக்குது."

"வித்தா வித்துட்டுப் போறா. நாம விக்கலையா?"

"அம்மா, ஒன் தங்கச்சிம்மா அது."

"ஷீபா ஒனக்கு யாரு?" அம்மா குரலை உயர்த்தவில்லை. அந்த வீட்டில் குரலை உயர்த்தும் பழக்கம் போய் வெகு நாளாகியிருந்தது. "அருணா வாயில அரிசி வேகாது. இன்னைக்குச் சொன்னா நாளைக்கு மணமேல்குடிக்குத் தெரியும். பேசாம சாப்பிடு."

அவன் சாப்பிட்டான். அம்மா போனதும் சுடருக்குச் செய்தி அனுப்பினான். பத்திரம் பதிய வேண்டாம். போக வேண்டாம். காரணம் இருக்கிறது, பேச வேண்டும். அவள் பார்த்துவிட்டாள் என்று நீலக் குறி காட்டியது. பதில் வரவில்லை.

கிறிஸ்மஸுக்கு முந்திய வாரம் கேரல் பாடுகிறவர்கள் வந்தார்கள். பொழுது சாய்ந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. முரசும் கைத்தட்டும் கொல்லைக்குள் வருவதைக் கேட்டுப் பிராங்க்ளின் விளக்கை அணைத்தான். கீழே பாடினார்கள். கிறிஸ்மஸ் தாத்தா வேடம் போட்ட யாரோ ஆடினான். பிறகு உபதேசியார் செபம் சொன்னார். இந்த வீட்டையும், மணமகளாகப் போகும் மகள் ஷீபாவையும், கடல் கடந்து இருக்கும் மகன் பிராங்க்ளினையும் ஆசீர்வதியும் ஆண்டவரே. அந்நிய தேசத்தில் அவனுக்குத் துணையாயிரும்.

"ஆமென்" என்று எல்லாரும் சொன்னார்கள். அப்பாவின் குரல் தனியாகக் கேட்டது.

"ஏன் பெரியம்மா, மாடியில ஸ்டார் கட்டலையா?" யாரோ ஒரு பையன். "குடுங்க, கட்டிவிடுறேன்."

"வேணாம்ப்பா. படியெல்லாம் பாசி."

"மழை பெஞ்சு மாசமாச்சு, இன்னும் பாசியா?"

"நான் கட்டிட்டு வாரேன் பெரியம்மா." அது சுடர்விழியின் குரல். சித்தியோடு அவளும் வந்திருந்தாள். அம்மா ஏதோ சொல்வதற்குள் காலடிச் சத்தம் படியேறிவிட்டது. பின்னால் முரசு மறுபடி தொடங்கியது.

கைப்பிடிச் சுவரில் கம்பியைக் கட்டும் சத்தம். பிறகு கதவுக்கு வெளியே யாரோ உட்காரும் சத்தம்.

"அண்ணே."

அவன் மூச்சை அடக்கினான்.

"வெளிய பூட்டியிருக்கு. தொறக்கச் சொல்லல. பேசு."

அவன் கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"எப்பத் தெரியும்?"

"ரீகாவுல கோட்டைப்பட்டினம் மீன் விக்கிறாங்களாண்ணே?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. நெடுநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. அது பாதியில் வேறு மாதிரி ஆகிவிடும்போல் இருந்தது. நிறுத்திக்கொண்டான்.

"சித்திகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"நல்லது. நானே சொல்றேன். கொல்லைய விக்க வேணாம். நீ போகாத சுடர். அங்க..."

"அங்க என்ன?"

"ஒண்ணும் இல்ல. அதான்."

"இங்க என்ன இருக்கு?"

அவளே தொடர்ந்தாள்.

"உரக்கடைக்காரர் மகனுக்குக் கேட்டு வந்திருக்காங்க. அம்மாவுக்குப் பாதி மனசு. நான் இங்க இருந்தா தையில எனக்கும் கல்யாணம். நீ அங்க இருக்கேன்னுதான் அம்மா என்னைய விடுது. நீ வெளிய வந்தா நான் உள்ள."

"சுடர்..."

"பத்திரம் முடிஞ்சுருச்சு. நேத்து. நீ மெசேஜ் போட்டதும் அம்மாவ அவசரப்படுத்தி நான்தான் முடிக்கச் சொன்னேன்."

கீழே கைத்தட்டு உச்சத்துக்குப் போயிற்று.

"கல்யாணம் முடிஞ்ச மறுநா நான் எறங்கி வந்துருவேன். அம்மா சொல்லியிருக்கு" என்றான்.

"வராத."

"என்னது?"

"வராதண்ணே. நான் ஒரு எடத்துல ஒக்கார்ற வரைக்கும் அங்கயே இரு. வேலைக்குப் போயிட்டேன்னா அம்மாவால ஒண்ணும் பண்ண முடியாது. அது வரைக்கும்."

"படிப்பே ரெண்டு வருசம்டி."

"ஆமா."

"நான் எப்படி ரெண்டு வருசம் இதுக்குள்ள..."

"அங்க போயி இருக்க முடியலேன்னுதானே வந்த? இங்க இருந்துக்கிட்டே அங்க இரு. அது ஒனக்குச் சுலபம்தானே?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரல். அதனால் அவனால் கோபப்பட முடியவில்லை.

"பயமா இல்லையா ஒனக்கு?" என்றான்.

"இருக்கு. அதான் வந்தேன். சொல்லு. ஏர்போர்ட்ல எறங்கி என்ன பண்ணணும்?"

அவன் சொன்னான். பஸ் எங்கே நிற்கும். டிக்கெட்டை ஏறியதும் மஞ்சள் பெட்டியில் காட்ட வேண்டும், மறந்தால் அபராதம். ஆற்றைத் தாண்டும்போது சன்னல் பக்கம் உட்கார். ஆறு உறைந்திருந்தால் அதன் மேல் ஆட்கள் உட்கார்ந்து துளை போட்டு மீன் பிடிப்பார்கள். கூரை ஓரமாக நடக்காதே, பனிக்கட்டி மேலிருந்து விழும். அபாயமான இடத்தில் நாடா கட்டியிருப்பார்கள், சுற்றிப் போ. சந்தை பெரிய கொட்டகைகளில் இருக்கும். அங்கே பாட்டிமார்கள் ஊறுகாய் விற்பார்கள், சுவைக்கக் கொடுப்பார்கள். நன்றிக்குப் பால்டியஸ் என்று சொல்ல வேண்டும். குப்பையைப் பிரித்துப் போடு. யாரும் சிரிக்கமாட்டார்கள். கோபம் என்று நினைக்காதே. முகமே அப்படி.

அவனுக்கே வியப்பாக இருந்தது. எல்லாம் தெரிந்திருந்தது. எதையும் மறக்கவில்லை. கதவுக்கு வெளியே அவள் ம் ம் என்றுகொண்டிருந்தாள்.

"சுடரு! என்னடி பண்றே மேல?" அம்மாவின் குரல் நடுங்கியது.

"ஸ்டார் எரியல பெரியம்மா. வாரேன்."

எழுந்து போனாள். சற்றுப் பொறுத்துக் கதவின் கீழிடுக்கில் சிவப்பு வெளிச்சம் வந்தது. நட்சத்திரம் எரிந்தது.

பண்டிகை முடிந்து மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று சாமியார் படித்தார். யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

திருமணம் மணமேல்குடியில். மாப்பிள்ளை வீட்டுப் பங்கில். அண்ணனுக்குப் பரீட்சை என்று எல்லாரிடமும் சொல்லியாயிற்று. முதல் நாள் ஷீபா மாடிக்கு வந்தாள். மருதாணிக் கையோடு அவன் எதிரில் நின்றாள்.

"வாரேன், ஃபாரின்."

"நல்லா இரு."

"வீடியோவுல பாரு. லைவ் போடுறாங்க." கதவு வரை போய்த் திரும்பினாள். "அழுவாத. மேக்கப் போடுற பொண்ணு மருதாணி காயிற வரைக்கும் என்னைய அழக் கூடாதுன்னுருக்கு. நீ அழுதா நானும் அழுவேன்."

காலையில் ஊரே இரண்டு பஸ்ஸில் கிளம்பிப் போயிற்று. அன்று அவசரத்தில் யாரும் மாடியைப் பூட்டவில்லை. அவன் கதவைத் தள்ளிப் பார்த்தான். திறந்தது.

கீழே இறங்கினான். கூடத்தில் தன் படத்துக்கு மாலை போட்டிருக்கிறதோ என்று ஒரு கணம் தோன்றியது. போட்டிருக்கவில்லை. படம் இருந்தது, கோட்டோடு. செருப்பைத் தேடினான், அவனுக்குச் செருப்பே இல்லை. வெறுங்காலோடு கொல்லையைத் தாண்டித் தார்ச்சாலைக்கு வந்தான். வெயிலில் கண் கூசியது. தார் சுட்டது. வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஒரு கோழி குறுக்கே ஓடியது.

பஸ் நிறுத்தத்தில் பிளக்ஸ் இன்னும் இருந்தது. நீலம் வெளுத்து, ஒரு மூலை கிழிந்து தொங்கியது. மீசைக்குக் கீழே யாரோ பேனாவால் தாடி வரைந்திருந்தார்கள். இப்போது அவனுக்கும் தாடி இருந்தது. காதுக்குக் கீழே கொஞ்ச தூரம். கேமராவில் தெரியாத இடத்தில்; தெரிகிற இடத்தை மட்டும் மழித்துவிடுவான்.

மின்கம்பத்தடியில் ஒரு லைன்மேன் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கத்தில் பார்த்திராத ஆள். ஏணி சாய்ந்திருந்தது.

"தம்பி, தண்ணி கெடைக்குமா? ஒரு வீட்டுலயும் ஆள் இல்ல."

"அந்தக் கொழாயில வரும்ணே."

"நீங்க இந்த ஊரா?"

பிராங்க்ளின் வாயைத் திறந்தான். சொல்ல ஒரே ஒரு சொல்தான். ஆமாம் என்றால் போதும். பெயரைக் கேட்பார். ஊர்க்காரர்கள் திரும்பி வந்ததும், தண்ணீருக்குக் குழாயைக் காட்டிய பையனைப் பற்றி இவர் யாரிடமாவது சொல்லுவார். அந்த நேரம் மணமேல்குடியில் தாலி கட்டியிருப்பார்களா என்று தெரியவில்லை.

"இல்லண்ணே. வெளியூரு."

"நானும் வெளியூருதான்." லைன்மேன் பிளக்ஸைக் காட்டினார். "அந்தா நிக்கிறானே, அவன் தங்கச்சிக்குத்தான் கல்யாணமாம். தொரை வரலையாம். டீக்கடையில நேத்துச் சொன்னாங்க. வெளிநாட்டுக்குப் போனவனுகளுக்கு எங்கேருந்து பாசம் வரும்? தங்கச்சி கல்யாணத்துக்குக்கூட வர முடியலையாம்."

"ஆமாண்ணே."

"என்னத்தப் படிக்கிறானோ."

"ஆமாண்ணே" என்றான் மறுபடியும்.

திரும்பி நடந்தான். அறைக்குப் போய் நேரலையைப் போட்டான். தாலி கட்டி முடிந்திருந்தது.

மறுநாள் அவன் இறங்கி வரவில்லை. அம்மா வந்து உட்கார்ந்தாள்.

"மாப்ளைக்கு அங்க ஏற்பாடு பண்ணுவியான்னு கேக்குறாங்க. இப்ப நீ வந்து நின்னா ஷீபா அந்த வீட்டுல எப்படி நிமிந்து நடப்பா? ஒரு புள்ள பொறக்கட்டும். அதுக்கப்பறம் என்ன சொல்லுவாங்க."

"சரிம்மா."

அம்மா எதிர்பார்த்து வந்த சண்டை நடக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு ஏதாவது கேட்பான் என்று இருந்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் அப்பா மாடிக்கு வந்தார். முதல் தடவையாக. அவனைப் பார்க்காமல் கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள் ஒன்றை வைத்து ஸ்க்ரூ முடுக்கினார். ஷீபா இல்லாத வீட்டில் பூட்டித் திறக்க ஆள் இல்லை.

"ரெண்டு முடுக்குக்கு மேல போகாத, மரம் பிளந்துரும்" என்றார். அது அவனிடம் சொன்னதா, தனக்கே சொன்னதா என்று தெரியவில்லை. போய்விட்டார்.

பிப்ரவரியில் சுடர்விழி கிளம்பினாள். இறங்கிய அன்று பேசினாள். பஸ்ஸில் சன்னல் பக்கம் உட்கார்ந்ததாகச் சொன்னாள். ஆறு உறையவில்லை, ஓரத்தில் மட்டும் கட்டியாக இருக்கிறது என்றாள். தினமும் படம் அனுப்பினாள். பனி, பாலம், டிராம், சந்தை. அவற்றில் நல்லதாக எடுத்து அவன் ஸ்டேட்டஸ் வைத்தான். நாகராசு மாமா கும்பிடு போட்டார். ஷீபாவின் மாமியார் இதயம் போட்டார். அப்பா டீக்கடையில் எல்லாருக்கும் காட்டினாராம், அம்மா சொன்னாள்.

"நான் தெனம் நின்ன ஸ்டாப்பு ஒண்ணு இருக்கு" என்று ஒருநாள் அவளிடம் கேட்டான். "போட்டோ எடுத்து அனுப்புறியா?"

அனுப்பினாள். ஒரு கம்பம், ஒரு இருக்கை, மூன்று பேர். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்தப் படத்தை மட்டும் அவன் ஸ்டேட்டஸில் வைக்கவில்லை.

"கஷ்டமா இருக்கா?" என்று கேட்டான்.

"எதுண்ணே?"

"யாரும் பேசமாட்டாங்க. பாக்க மாட்டாங்க."

"அப்பாடான்னு இருக்கு" என்றாள் சுடர்விழி. "ஆலங்குடியில தெருவுல எறங்கினா எத்தனை கண்ணு. இங்க ஒருத்தனும் திரும்பல. நான் பாட்டுக்கு நடக்குறேன்." பின்னால் டிராம் வரும் சத்தம். "ஏறிட்டேன். வைக்கிறேன். கிளாஸு."

அதன் பிறகு அவள் கூப்பிடுவது குறைந்தது. படங்கள் மட்டும் வந்தன.

மாசி மாதம் ஒருநாள் மத்தியானம், அவன் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தபோது கீழே கூடத்தில் சித்தியின் குரல் கேட்டது.

"அக்கா, சுடருக்கு ஒடம்பு சரியில்லையாம். காய்ச்சல்னு ராத்திரி மெசேஜ் போட்டிருக்கா. போன எடுக்கல. பிராங்க்ளினுக்குப் போடுறேன். அவன் போயிப் பாக்கட்டும்."

"அவன் கிளாஸ்ல இருப்பான் அருணா."

"இருக்கட்டும். தங்கச்சிய விடவா கிளாஸு?"

தலையணைக்குக் கீழே போன் நடுங்கியது. கறுப்புத் துணி இறங்கியேதான் இருந்தது. மின்விசிறியை நிறுத்தினான். ஸ்வெட்டர் கைக்கு எட்டவில்லை. போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு எடுத்தான்.

"பிராங்க்ளினு!"

சித்தியின் குரல் முதலில் படிக்கட்டு வழியாக வந்தது. ஒரு நொடி கழித்துப் போனில் வந்தது.

"சொல்லுங்க சித்தி."

"சுடருக்குக் காய்ச்சலுடா. நீ பாத்தியா இல்லையா?"

"பாத்தேன் சித்தி." கிசுகிசுவென்று சொன்னான்.

"எப்ப?"

"காலையில. மாத்திரை வாங்கிக் குடுத்தேன். தூங்குறா. அதான் எடுக்கல."

"கஞ்சி வச்சுக் குடுத்தியா?"

"குடுத்தேன்."

"நெத்தியத் தொட்டுப் பாத்தியா? ரொம்பச் சுடுதா?"

"கொஞ்சமாத்தான்."

கீழே சித்தி அழத் தொடங்கினாள். அழுகையும் இரண்டு தடவை வந்தது.

"நீ இருக்கங்காட்டிதான்டா நான் உசுரோட இருக்கேன். நீ மட்டும் அங்க இல்லேன்னா என்ன பண்ணியிருப்பேன்? என்ன சொல்றே? ஒண்ணும் கேக்கல. சத்தமாப் பேசுடா."

அவன் வாயைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"பாத்துக்கறேன் சித்தி."

"கேக்கலடா. சத்தமா."

படிக்கட்டின் அடியில் அம்மா வந்து நிற்கும் காலடிச் சத்தம் கேட்டது. அவன் எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தான். போட்டுத்தான் இருந்தது.